கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

பிறப்பு: 1981 மார்ச் 14. தையல் ஆலையில் பணி: பத்தொன்பது ஆண்டுகள். ஒலிபெருக்கி வாடகைக் கடை திறந்த நாள்: 2021 ஜூன் 7. கடைத்தெருவில் வழங்கும் பெயர்: சத்தக்கா. ஊர் மன்றக் கூடத்தில் முதல் வேலை: அதே ஆண்டு ஆகஸ்ட் 22, பேருந்து ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்.

அன்று சத்தக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மன்ற மேலாளர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "போன தடவ கடைசி வரிசைக்காரங்க ஒண்ணும் கேக்கலன்னு ஒரே கூச்சல். இன்னிக்கு அவங்களுக்குக் கேட்டா வருஷம் பூரா வேலை உங்களுக்குத்தான். இல்லன்னா வேற ஆள்."

கணவரின் தம்பியும் ஓட்டுநர்தான். கடைசி வரிசையில் இடம் பிடித்திருந்தான். "அண்ணி, எனக்கு இங்க கேட்டா ரெண்டு கையையும் தூக்குறேன்!"

"தூக்கத்தான் போற. இப்பவே தோளை நீவி வச்சுக்க!"

மைக் தருவது எறும்பின் மூச்சளவு மின்சாரம். அதன் ஏற்ற இறக்கத்தைக் குலைக்காமல், சுவர்ச் செருகியிலிருந்து வலிமை வாங்கி அதைப் பெரிதாக்கி, ஸ்பீக்கரை அதிர வைப்பதே ஆம்ப்ளிஃபயரின் வேலை. அந்த வலிமைக்கும் எல்லை உண்டு. ஆசை யாரை விட்டது? சத்தக்கா வழக்கமான இரண்டு ஸ்பீக்கர்களோடு பின்சுவருக்கும் இரண்டைச் சேர்த்து, நான்கையும் அதே ஆம்ப்ளிஃபயரில் தனித்தனியாகக் கோத்திருந்தார்.

தலைவர் மேடையேறி, "தோழர்களே" என்றார். இரண்டாம் சொல்லுக்குள் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மன்றமே ஊமையானது.

"அண்ணி, மௌன அஞ்சலியா?" பின்னாலிருந்து குரல் வந்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சத்தக்கா ஆம்ப்ளிஃபயரின் பக்கம் குனிந்தார். மறுகணமே பொறி தட்டியது. நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் நேராகக் கையேந்தினால் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவுதான் கொடுக்கும்? தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொண்டது!

"அஞ்சே நிமிஷம், தலைவரே!"

சுவிட்சை அணைத்தார். ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். அந்த இரு சோடிகளை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். இப்போது சுமை பாதிக்கும் கீழே. தையல்காரியின் விரல்கள், ஒரு வயரும் தவறவில்லை. சுவிட்சைப் போட்டார். பச்சை!

"தோழர்களே!" தலைவரின் குரல் பின்சுவரிலிருந்தே புறப்பட்டதுபோல் கணீரென்றது. தலைவரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். சத்தக்கா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்.

"கடைசி வரிசை! கேக்குதா? கேட்டாக் கையத் தூக்குங்க!" என்றார் தலைவர்.

மேலாளர் எழுந்து நின்று எண்ணினார். கடைசி வரிசையில் ஆட்கள்: நாற்பத்திரண்டு. உயர்ந்த கைகள்: நாற்பத்து மூன்று.