லேத்துக்கு மாலை போட்ட நாள்

மந்தைவெளி ரயில் நிலையத்துப் படிக்கட்டு ஓரத்தில் என் பூக்கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு குடை, ஒரு வாளி. பூ வாங்க வருகிறவர்கள் என் மகளைப் பற்றி விசாரிப்பார்கள். விசாரிக்காதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

அவள் கிண்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. எலக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. வெளிச்சம் பட்டால் அணுவுக்குள்ளிருந்து எலக்ட்ரான் வெளியே வரும். கூப்பிட்ட உடனே வருகிறதா, கொஞ்சம் தயங்கி வருகிறதா என்று லேசரை வைத்து அளக்கிறாள். அந்தத் தயக்கத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் கண் சிமிட்டும் நேரம் ஒரு யுகமாம். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், சாப்பிடக் கூப்பிட்டால் அவரும் உடனே எழுந்து வந்ததில்லை. அதை யாரும் அளக்கவில்லை.

தினமும் கதம்பம் வாங்கும் ஓர் அம்மாள் கேட்டாள். "அதனால நமக்கு இன்னா பிரயோஜனம்?"

"உனுக்கு ஒண்ணும் இல்ல. எத்தினி முழம் வோணும் சொல்லு."

இதே கேள்வியை மகளுடைய ஆராய்ச்சி நிலையத்திலும் ஒரு கமிட்டி கேட்டது. கொஞ்சம் மரியாதையாகக் கேட்டது, அவ்வளவுதான். உங்கள் ஆராய்ச்சியால் என்ன தாக்கம், உலகத்தில் யார் அதை எடுத்துப் பேசுகிறார்கள் என்று. வருஷம் முடிவதற்குள் உருப்படியாக ஓர் அளவு வராவிட்டால் அவளுடைய அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அறை போனால் லேசரும் போகும். வெளிநாட்டில் இன்னொரு கூட்டமும் அதே அளவுக்காக ஓடிக்கொண்டிருந்தது. மகள் சாப்பாட்டைப் பாதியில் வைக்க ஆரம்பித்தாள்.

அளவு வராததற்குக் காரணம் கீழ்த்தளத்துப் பட்டறை. அங்கே இரும்பைக் கடையும் லேத் ஓடினால் மேலே லேசர் மேஜை நடுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரானுக்குத் தெரியும். லேத்தை நிறுத்தினாலும் தெருவில் லாரி ஓடும், லிஃப்ட் ஏறி இறங்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் எல்லாம் சேர்ந்து அடங்கும். ஆயுத பூஜை. அன்றைக்கு லாரிக்குக்கூட மாலை போட்டு ஓரம் கட்டிவிடுவார்கள்.

அந்த நாளில் அளக்கலாம் என்று மகள் கண்டுபிடித்தாள். ஆனால் பம்ப் இருக்கிறதே. லேசர் பாயும் பெட்டிக்குள் காற்று இருந்தால் எலக்ட்ரான் அதில் முட்டிக்கொள்ளுமாம். காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு பழைய பம்ப். அது பட்டறை மேஸ்திரி கை வைத்தால்தான் ஓடும். வேறு யார் ஓட்டினாலும் இருமி மேஜையை ஆட்டும்.

பண்டிகைக்கு முதல்நாள் பட்டறையில் பூஜை. வழக்கம்போல மாலைகளைக் கொண்டுபோனேன். சந்தனம் குங்குமத்தோடு லேத் மாப்பிள்ளை மாதிரி நின்றது. அதன் பக்கத்தில் மகளும் மேஸ்திரியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பூஜை போட்ட சாமான தொடக் கூடாது மேடம். நாளைக்கு நான் பம்ப ஓட்டுனா, வருசம் பூரா அது என்னிய ஓட்டும்."

"ஒரே ஒரு நாள்தாண்ணா. இந்த நாள் போச்சுன்னா என் ரூம் போச்சு."

"எல்லா ஆயுதமும் ரெஸ்ட் எடுக்குது. உங்க லேசருக்கு மட்டும் இன்னா அவசரம்?"

கமிட்டிக்கு மணிக்கணக்கில் பதில் சொன்னவள், லேத்தின் மாலையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதாக இல்லை. மேஸ்திரிதான் இழுத்துவிட்டார்.

"யக்கா, நீயே சொல்லு. தொடலாமா?"

"நாளைக்கு ஊரே கைய கட்டிக்கினு குந்தும். நானும் குந்திட்டா சாமிக்கு பூ யாரு கட்டுவா? என் கத்திரிக்கோல் நாளைக்குத்தான்யா ஜாஸ்தி ஓடும். மறுநாள் கழுவி பொட்டு வெப்பேன். இத்தினி வருசத்துல அது கோச்சிக்கினதே இல்ல."

"கத்திரிக்கோலும் பம்பும் ஒண்ணா யக்கா?"

"உன் பம்புக்கு இன்னா, கொம்பு மொளச்சிகீதா?"

பூஜைக்கு வந்திருந்த மகளின் மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பிறகு வரிசையாக எல்லா எந்திரத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே மாடிக்கு ஏறினார். பம்ப் வந்ததும், கல்யாண வீட்டில் ஆகாத பங்காளியைக் கண்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப்போனார். லேசரையும் அப்படியே தாண்டினார்.

"பொட்டு வெக்காத சாமானத் தொட்டா தப்பில்ல. ரெண்டுக்கும் நாளன்னிக்கு வெச்சிக்கலாம்," என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் காலையில் வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஸ்விட்சையும் போட்டாராம். எனக்கு அன்றைக்குத் தலைநிமிர நேரமில்லை. சாயங்காலம் பூசணிக்காய் உடைக்கிற வேளையில் போன் வந்தது.

"ம்மா, வந்துடுச்சு."

"எது?"

"எலக்ட்ரான்."

"லேட்டாவா?"

"லேட்டாத்தான்மா."

"சரி. சாப்ட்டியா?"

அறை அவளிடமே இருக்கிறது. கட்டுரை வெளிவந்தது. அந்த வெளிநாட்டுக் கூட்டத்தின் தலைவரே எழுதிக் கேட்டாராம். மேஜை இவ்வளவு அசையாமல் இருக்க அடியில் என்ன கருவி வைத்தீர்கள் என்று. எதுவும் வைக்கவில்லை, எங்கள் ஊரில் அன்றைக்கு எந்திரங்களுக்கு ஓய்வு என்று மகள் பதில் போட்டாள். அவருடைய கட்டிடத்திலும் கீழே பட்டறை உண்டாம். அங்கே எந்திரத்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாதாம். பாவம். அடுத்த பூஜைக்கு இங்கேயே வந்து அளந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "வரட்டும் யக்கா. ஆனா அவங்க சாமானுக்கும் மறுநாள்தான் பொட்டு," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கதம்பம் வாங்கும் அம்மாளிடமும் சொன்னேன்.

"ஃபாரின்லேர்ந்து ஆயுத பூஜைக்கு வராங்களா? எதுக்கு?"

"எங்க லேத்து சும்மா கீறதுக்கு."

அவள் பர்ஸைத் திறந்தாள். அப்புறம் வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாகக் கேட்டாள்.