சோற்றுக்குக் காவல்

கதிர்காமத்தில் நேர்த்திக்கடன் முடித்துத் திரும்பும்போது, எல்ல என்ற மலையூர்ப் பக்கம் போய் அருவிகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று தம்பி சொன்னான். வான் வண்டியில் இருந்தவர்களில் அதிகம் சந்தோசப்பட்டது நான்தான். வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கொக்கட்டிச்சோலையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் வாவியும் வயலும்தான். இரண்டிலும் அது படுத்தே கிடக்கும். உயரத்திலிருந்து விழும் தண்ணீரை இந்த வயதுவரை நேரில் கண்டதில்லை.

கதிர்காமம் போனால் வீடு திரும்பும்வரை நாங்கள் கடைச் சாப்பாடு தொடமாட்டோம். அதனால் விடியுமுன்னே மடத்தில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்துப் பார்சல் கட்டினேன். நான் தனியாகத்தான். தம்பியின் மனைவி, என் மச்சாள், பிள்ளைகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

மலையேறி முதல் வளைவில் நிறுத்தியபோதே குரங்குகள் வந்துவிட்டன. வானின் பின் கண்ணாடி ஒன்று இறுகிப்போய் மூடமுடியாமல் இருந்தது. "அக்கா, நீங்க இரிங்க. சோத்துக்கு ஒராள் வேணும். அடுத்த இடத்தில இறங்கலாம்" என்றான் தம்பி. இருந்தேன்.

அடுத்த இடத்திலும் அதையே சொன்னான். அதற்கடுத்த இடத்திலும். பள்ளத்தாக்கு முழுவதும் பனி விலகி, கீழே ஆறு வெள்ளை நூலாகத் தெரிகிறதாம். மச்சாள் ஏறி உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். ஏதோ நான் வீட்டில் படுத்திருந்துவிட்டு வந்து கேட்பதுபோல. போனில் படமும் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? ஒருமுறை நீ இரு, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்க நாக்கு எழவில்லை. அந்த நாக்கின் மீதும் கோபம்தான்.

கடைசி அருவி றோட்டோரத்திலேயே இருந்தது. இரைச்சல் வானுக்குள் கேட்டது. எல்லோரும் இறங்கினார்கள். சாரதி என்னைப் பார்த்து, "அக்கா இறங்கல்லியா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் தம்பி சொன்னான்: "அவவுக்கு இதெல்லாம் விருப்பமில்ல."

காவலுக்கு இருத்தியது கூடப் பரவாயில்லை. என் ஆசையையும் அவனே தீர்மானித்து, ஊருக்குச் சொல்கிறான்.

"விருப்பமில்லையெண்டு நான் எப்ப சொன்னன்?" என்றேன். கதவை இழுத்துத் திறந்து இறங்கினேன். மூடவில்லை.

அருவிக்கு முன்னாலிருந்த பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். தண்ணீர் பாறையில் தட்டித் தட்டி, புகையாகி, முகத்தில் வந்து விழுந்தது. சேலை நனைந்தது. பின்னால் தம்பி கத்தினான். குரங்குகள் பார்சல்களை றோட்டில் பரப்பியிருந்தன. நான் திரும்பவில்லை. பார்க்கவேண்டிய அளவு பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

"இனிப் புள்ளையளுக்கு என்னத்தக் குடுக்கிற?" என்றான்.

"நீங்க ரெண்டு பேர் இருந்தீங்க. ஒராள் பாத்திருக்கலாம்."

மச்சாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலையிறங்கி வெல்லவாயவில் ஒரு கடை முன்னால் வானை நிறுத்தித் தம்பி மரக்கறி ரொட்டி வாங்கினான். நேர்த்தி, வழக்கம் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. பொதியை நீட்டியபோது முதல் ரொட்டியை எடுத்தது நான்.