ரெண்டு இழுப்பு

சேசுவே, இதைச் சொல்லாம எனக்கு இருப்புக் கொள்ளல. கேளுங்க.

தூத்துக்குடியில புதுத் துறைமுகத்துக்குக் கல்லு கொட்டிக்கிட்டு இருந்த காலம். நான் கீழவைப்பார்ல சங்கு குளிக்கிறவன். முப்பத்தஞ்சு வயசுல எனக்குச் சின்னம்மை போட்டுச்சு. பிள்ளைகளுக்கு வாரது கழுதை வயசுல வந்தா ஊரு சிரிக்காதா? தலைக்குத் தண்ணி ஊத்துன பத்தாம் நாள் கடலுக்குப் போயிட்டேன். அடியில இறங்கி நிக்கேன், காலுல மணல் படுறதே தெரியல. குனிஞ்சு பார்த்தா மணல்லதான் நிக்கேன். கால் மட்டும் என்னுது இல்ல. பயந்துட்டேன்.

மறுநாள் முட்டு வரைக்கும் மரத்துட்டு. அடுத்த நாள் இடுப்பு. அப்புறம் கை, நாக்கு. எதுவோ ஒண்ணு அடியிலருந்து என்னைக் கொஞ்சங்கொஞ்சமா உடுத்திக்கிட்டு வந்துச்சு. அஞ்சாம் நாள் இமையைக்கூட மூட முடியல. மூச்சு நெஞ்சுக்குப் பாதியிலேயே திரும்பிருச்சு. ஆனா காது கேட்டுச்சு, புத்தி தெளிவா இருந்துச்சு. அதுதான் கொடுமை.

எம்பொண்டாட்டி மரியம் என் இமையை இழுத்து மூடுவா. அது தானாத் திறக்கும். "ஐயோ, பார்வை நிலைகுத்திட்டே"ன்னு அழுதா. ஆஸ்பத்திரின்னு அவ வாயெடுத்ததும் பெருசுக அடக்கிட்டாக. "ஏளா, வழியிலேயே உயிரு போயிரும். வீட்டுலேயே போகட்டும்." கோயில் சாமியார் வந்து நெத்தியில எண்ணெய் பூசி அவஸ்தைப் பூசுதல் குடுத்துட்டுப் போனார். பட்டப்பகல்ல என்னைச் சுத்தி உக்காந்து, சாகப்போறவனுக்குச் சொல்லுத ஜெபத்தை எனக்குச் சொல்லுதாக. உள்ளேருந்து கத்துதேன், ஒருத்தருக்கும் கேக்கல. "தாயே, நான் உள்ளதான் இருக்கேன்னு யாருக்காவது சொல்லும்மா"ன்னு மாதாட்டக் கெஞ்சுனேன்.

அப்பத்தான் மரியத்தோட அண்ணன் தொம்மை வந்தான். நான் சங்கு குளிக்க இறங்குனா மேல வள்ளத்துல என் கயிறைப் பிடிக்கிறவன் அவன்தான். அடியிலருந்து நான் ரெண்டு இழுப்பு இழுத்தா 'தூக்கு'ன்னு அர்த்தம். சாகப்போறவன் கையில ஜெபமாலை சுத்துறது எங்க வழக்கம். என் விரல்ல சுத்திட்டு, சிலுவை தொங்குற முனையைப் பழக்கதோஷத்துல விடாமப் பிடிச்சுக்கிட்டு அழுதான். திடீர்னு நிமிந்தான்.

"ஏலே, இழுக்கான்லே! ரெண்டு தடவை! தூக்கச் சொல்லுதான்!"

"அண்ணே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னு மரியம் கேட்டா. அவன் காதுல வாங்கல. என்னைத் தோள்ல போட்டு, கருவாடு ஏத்த நின்ன லாரியில ஏத்தி, தூத்துக்குடிக்குக் கொண்டு போயிட்டான். ஆஸ்பத்திரியில தொண்டையில குழாய் வச்சு, பையை அமுக்கி அமுக்கி எனக்கு மூச்சு குடுத்தாக. அம்மைக் கிருமியோட மல்லுக்கட்டுன உடம்பு, அது போன பிறகும் ஓயாம என் சொந்த நரம்பையே வீங்க வச்சிட்டுன்னு டாக்டர் சொன்னார். ஆறு மாசத்துல நடந்தேன்.

வீட்டுக்குக் கிளம்புற அன்னைக்கு, விரல் அசைஞ்சதைத் தொம்மை டாக்டர்ட்ட சொன்னான். "வந்தப்ப இவருக்கு ஒரு விரல்லயும் உயிர் இல்லையேய்யா"ன்னார் அவர். தொம்மை என்னைப் பார்த்தான். மாதா அறியச் சொல்லுதேன், நான் இழுக்கல. இழுக்கணும்னு எனக்குத் தோணக்கூட இல்ல.

திருநாளுக்கு மட்டும் கோயிலை எட்டிப் பார்த்தவன் நான். இப்ப, பேச்சில்லாமக் கெடக்குறவுக யாரா இருந்தாலும் பக்கத்துல போய் உக்காந்து, பேரைச் சொல்லிப் பேசுதேன். உங்க வீட்டுல அப்படி ஒருத்தர் கெடந்தா, முடிஞ்சிட்டுன்னு சொல்லிராதீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. கையைப் பிடிச்சுக்கிட்டே வேண்டுங்க. அவுகளால இழுக்க முடியாட்டாலும், இழுக்க ஆள் இருக்கு.