ஒட்டுச் சவ்வில் ரத்தம் ஓடிய திங்கட்கிழமை

எனக்குப் பார்வை உள்ள கண் ஒன்றுதான். ஏழு வயதில் வைக்கோல் போரில் விளையாடியபோது ஒரு வைக்கோல் துரும்பு இடது கண்ணில் குத்தியது. அதோடு அந்தக் கண் போயிற்று. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன், நிக்காஹ் செய்தேன், வளைகுடாவுக்குப் போய்ப் பதினாறு வருடம் கட்டடங்களுக்குக் கம்பி கட்டினேன். அந்த ஒரு கண்ணுக்கும் சோதனை வந்தது. என்னைப் போல் கலங்கி நிற்கும் யாருக்காவது உதவுமென்றுதான் இதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஜமால். ஊர் கூத்தாநல்லூர். பாலைவன வெயிலும் மணற்காற்றும் பட்டுப்பட்டு, கண்ணின் மூக்கோர வெள்ளையில் ஒரு சதை வளர்ந்தது. முதலில் அரிசி அளவுதான் இருந்தது. உறுத்தும்போது சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். கடைசியாக லீவில் வந்தபோது என் மனைவி ஜொஹரா வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டாள்.

“என்னங்க இது, கருப்பு முழி மேல ஏறிடுச்சே! போன்ல ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

மறுவாரமே தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார்.

“சதை நடுவுக்கு வந்துட்டா பார்வையை மறைச்சிடும். வெட்டி எடுத்துடலாம். ஆனா வெறுமனே வெட்டினா திரும்ப வளரும். அதனால மேல் இமைக்கு அடியில இருந்து மெல்லிசா சவ்வு எடுத்து அந்த இடத்துல ஒட்டிடுவோம்” என்றார்.

இருப்பது ஒரு கண். அதில் கத்தி வைக்கவேண்டும். விட்டாலும் பார்வை போய்விடும் என்பதால் நானும் ஜொஹராவும் சம்மதித்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் போட்ட அந்த ஒரு நாள் எனக்கு முழு இருட்டு. ஜொஹரா சோறு ஊட்டினாள். பாத்ரூமுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இனி இதுதான் நம் வாழ்க்கையோ என்ற எண்ணம் வந்தது. அழக்கூடப் பயமாக இருந்தது, கண் நனையக்கூடாதே.

அடுத்த கட்டிலில் குடவாசல் பக்கத்திலிருந்து வந்த பாக்கியம் என்ற அம்மா இருந்தார். நடவு வேலை செய்பவர். தண்ணீர் நிற்கும் வயலில் குனிந்து நின்றே வருடக்கணக்காகக் கண்ணில் வெயில் அடித்து, அவருக்கும் இதே சதை, இதே ஆபரேஷன். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: “பாய், உங்க அல்லாகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.”

சரிம்மா என்றேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோனேன்.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: “பத்து நாளைக்குக் குனியாதீங்க. தொழுறதுன்னாலும் நாற்காலியில உட்கார்ந்து தொழுங்க.” நோயாளிக்கு மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டு. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஐந்தாம் நாள் அஸர் என்கிற மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். நாற்காலி போடாமல் வரிசையில் நின்றேன். எல்லோரும் நெற்றி தரையில் பட சஜ்தாவுக்குக் குனிந்தபோது பழக்கத்தில் நானும் குனிந்துவிட்டேன். கண்ணில் சுரீரென்று குத்தியது. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வார வெள்ளிக்கிழமை பரிசோதனைக்குப் போனோம். ஊசி போடாமல், கண்ணைத் தொடாமல், ரத்தம் ஓடும் வழியைப் படம் பிடிக்கிற மெஷின் அங்கே இருந்தது. முகவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார்.

“இந்த வெள்ளைக் கோடெல்லாம் ரத்தம் ஓடுற குழாய். சுத்தி நிறைய இருக்கு பாருங்க. ஒட்டின சவ்வுக்குள்ள ஒண்ணும் வரல. முழுக்கக் கறுப்பா இருக்கு.”

“வரலன்னா?”

“அடியில கொஞ்சம் ரத்தம் கட்டி நிக்குது. அதனால சவ்வு சரியாப் பிடிக்கல. ரத்தம் வராட்டி சவ்வு சுருங்கிப் போயிடும். மருந்தை மாத்தித் தர்றேன். திங்கக்கிழமை மறுபடி படம் எடுப்போம். அப்பவும் வரலன்னா இன்னொரு தடவை ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும்.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. குனிந்து தொழுததைச் சொன்னேன். ஜொஹரா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. “அதனாலதான்னு சொல்ல முடியாது. சவ்வு பிடிக்கிற வரைக்கும் இனிமே குனியாதீங்க” என்றார்.

வெளியே பெஞ்சில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அவருக்கு நேர் எதிர் தொல்லை. ஒட்டிய இடத்தில் குழாய்கள் அளவுக்கு மீறிக் கிளம்புகின்றனவாம். அப்படியே விட்டால் சதை திரும்ப வளருமாம்.

என் நிலைமையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “எனக்கு வெள்ளம், உங்களுக்குக் கடைமடை. தண்ணியே வரல, இல்ல பாய்?” சிரித்து முடித்ததும் குரல் தணிந்தது. “திரும்ப வளர்ந்தா நான் நடவுக்குப் போவ முடியாது. எனக்காகச் சொன்னீங்களா?”

“இன்னிக்குச் சொல்றேம்மா” என்றேன்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து அஸர் தொழுதேன். உட்கார்ந்து தொழுவது குறைச்சல் என்று நினைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கைகளை ஏந்தினேன். இத்தனை வருடம் கண்ணில் வளராதே, வளராதே என்று கெஞ்சியவன், இப்போது வளரவேண்டும் என்று கேட்கவேண்டியிருந்தது. எவ்வளவு வளரவேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? பாக்கியத்தின் பெயரை முதலில் சொன்னேன். “யா அல்லாஹ், அவர் கண்ணில் கூடுதலாக இருப்பதை நிறுத்து. என் கண்ணில் இல்லாததைக் கொடு. அளவு உனக்குத்தான் தெரியும்.” வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. மனசு அமைதியாகிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நேரம் தவறாமல் மருந்து விட்டோம், ஒவ்வொரு தொழுகையிலும் இதையே கேட்டேன். ஜொஹராவும் கேட்டாள்.

திங்கட்கிழமை மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்திருக்கு பாய். கீழ் ஓரத்துல பாருங்க.”

கறுப்புக்குள் இரண்டு கோடுகள் நுழைந்திருந்தன. தலைமுடியை விட மெல்லியவை. ஒன்று நடுவில் கிளை பிரிந்திருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று ஜொஹரா சத்தமாகவே சொல்லிவிட்டாள். அடுத்தடுத்து எடுத்த படங்களில் கோடுகள் கூடின. ஒரு மாதத்தில் சவ்வு முழுக்க ஓடி, போதுமான அளவில் நின்றன. மறுபடி தியேட்டருக்குப் போகவேண்டி வரவில்லை.

பாக்கியத்துக்குக் கண்ணோரம் ஊசி போட்டார்கள். சிவப்பு மெல்லமெல்ல அடங்கியது. ஒரு ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மாதம் ஒருமுறை காட்டி வருகிறார். ஆனால் சதை திரும்ப வளரவில்லை. குறுவை நடவுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கியதாகப் போனில் சொன்னார்.

நான் வளைகுடாவுக்குத் திரும்பிப் போகவில்லை. விசா முடிந்தது, முடியட்டும் என்று விட்டுவிட்டேன். ஊரில் கட்டுகிற வீடுகளுக்குக் கம்பி வேலையை மேற்பார்வை பார்க்கிறேன். முன்பெல்லாம் அவசரமாகத் தொழுது, என் தேவைகளை மட்டும் ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது அப்படி முடிவதில்லை.

கலங்கி நிற்கும் சகோதர சகோதரிகளே, மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். அவர் சொன்னதைச் செய்யுங்கள். பிறகு நாற்காலியிலோ கட்டிலிலோ எப்படி முடிகிறதோ அப்படி இருந்து இறைவனிடம் கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். கறுப்பாகத் தெரிந்த இடத்தில் ரத்தம் ஓடியதை நான் என் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். உங்களையும் அவன் கைவிடமாட்டான்.