அடுப்பு அணைந்த லயத்தில் கறிமிளகாய் விதை

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் ஒரு சாவு விழுந்தால், உடலை எடுக்கும் வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. சில வீடுகளுக்கு கேஸ் அடுப்பு வந்த பிறகும் இதை யாரும் மீறவில்லை. மேல் லயத்துக்காரர்கள் தேத்தண்ணீரும் சோறும் கொண்டுவந்து தருவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோன காலையில் நானும் எழுந்துபோய் எங்கள் அடுப்பில் தண்ணீர் தெளித்தேன். விறகு சீறி அணைந்தது. அப்புறம்தான் அடுப்புத் திட்டில் இருந்த தேங்காய்ச் சிரட்டை கண்ணில் பட்டது. அதற்குள் ஈரத்துணியில் முடிந்த கறிமிளகாய் விதை இருந்தது.

தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கிய சரிவொன்றை எங்கள் தோட்டத்தில் துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போடக் கொடுத்திருந்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. சும்மா போட்டு வைத்தால் திரும்ப எடுத்துவிடுவார்கள். கார்த்திகை மழையில் வெளியே விதைத்தால் அழுகிவிடும் என்று, வீட்டுக்குள்ளேயே முளைக்க வைக்கப் பார்த்தேன்.

எனக்குத் தோட்டத்து நாற்றுமேடையில் வேலை. தேயிலைக் குச்சியை நட்டுப் பொலித்தீனால் இறுக்கி மூடினால், வாரக் கணக்கில் அதைத் திறக்கக் கூடாது. கை அதற்கே பழகிப்போனது. பாதி விதையைத் தட்டில் விதைத்து அதே மாதிரி மூடினேன். முளைத்ததும் திறந்து காற்றுக் காட்டியிருக்க வேண்டும். நான் காட்டவில்லை. வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்து, தண்டு அடியில் கறுத்து, எல்லாம் படுத்துவிட்டன. பண்டாரவளை விதைக் கடையில் கேட்டால், அந்த விதை முடிந்துவிட்டது, எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். மிச்சப் பாதிதான் சிரட்டையில் இருந்தது. ஊறி உப்பிய விதை. இனிக் குளிரில் கிடந்தால் முளைக்காமலே அழுகும்.

சாம்பலில் கையை வைத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஆறிவிட்டது. வெளியே மழை. ஒரு சுள்ளியை ஒடித்தேன்.

“என்னா செய்றீங்க?” பின்னால் மனைவி நின்றாள்.

“சாம்பல் ஆறிப்போச்சு. சின்னதா ஒரு சுள்ளி...”

“ஒரே செவுருக்கு அந்தப் பக்கம் பொணம் கெடக்கு. நம்ம தகரத்துல பொகை ஏறுனா, அந்த வீட்டு அக்கா மொகத்துல எப்பிடி முழிக்கிறது?”

“இந்த வெதயும் போனா துண்டு போயிரும்.”

“போகட்டும். மானமும் சேந்து போகணுமா?”

சுள்ளியைக் கீழே போட்டேன். வேறு லயத்து அடுப்படியில் கொண்டுபோய் வைக்கவும் வழியில்லை. சாவு விழுந்த லயத்து ஆட்கள் உடலை எடுத்துக் குளிக்கும் வரை மற்றவர்கள் அடுப்படிக்குப் போகக் கூடாது. பிறகு முடிப்பைப் பிழிந்து, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே சுவெட்டரைப் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கே எடுத்திருந்தால் இவ்வளவு பயமில்லை. கொழும்பிலிருந்து பெரியவருடைய மகன் வர வேண்டும். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று போன் வந்தது. மறுநாள்தான் எடுப்பது என்றார்கள். அன்றிரவு நான் புரண்டு படுக்கவில்லை.

மறுநாள் காலை, கீழே இருக்கும் பணிய லயத்திலிருந்து மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினான்.

“என்னா மச்சான், வயித்தப் புடிச்சிக்கிட்டே ஒக்காந்திருக்கீங்க? மேல் லயத்து சாம்பாரு வேலயக் காட்டிருச்சா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். நான் சுவெட்டரை இழுத்துவிட்டேன்.

“அட, நனஞ்சுவேற இருக்கு! முன்பக்கமாவா காட்டும்?”

இப்போது அடக்க முடியாமல் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். எனக்குக் காது சுட்டது. சொல்லியிருந்தால் அவனே உதவியிருப்பான். ஆனால் பெரியவர் கிடத்தியிருக்கும் இடத்தில், மிளகாய் விதை என்று எப்படிச் சொல்வது?

அந்த நேரம் பார்த்து, தோட்டத்து மேனேஜர் துரை கொடுத்தனுப்பிய மாலையோடு ஆபீஸ் ஐயா வந்தார். துண்டுகளைப் பார்த்துக் குறிப்பவர் அவர்தான். மாலையைப் போட்டுவிட்டு, என்னைக் கையசைத்து வாசலுக்குக் கூப்பிட்டார்.

“ஒங்க துண்டு இன்னும் சும்மாதானே கெடக்கு?”

“ஆமாங்க ஐயா.”

“கன்னு போட்டாச்சா?”

“வெதங்க...” என் கை தானாக வயிற்றுக்குப் போனது.

“வெத எல்லாருந்தான் வாங்குறாங்க. எனக்குப் பச்சையாக் கன்னு காட்டணும். அடுத்த முறை வர்றப்ப இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன். பொறவு என்னைய குத்தம் சொல்லக் கூடாது.”

தலையாட்டினேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் தாண்டி மகன் வந்து சேர்ந்தான். அழுகை ஓய்ந்ததும் பாடை தூக்க ஆள் கூப்பிட்டார்கள். என் பெயரும் வந்தது. தூக்குகிறவர்கள் சட்டையைக் கழற்றி, வேட்டியோடு நிற்க வேண்டும். காரியம் முடிந்து ஆற்றில் முழுகித்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

பெண்களுக்கு நடுவில் என் மனைவி மாரடித்து அழுதுகொண்டிருந்தாள். கூப்பிட்டு, சுவர் ஓரமாக முடிப்பை நீட்டினேன். அவள் தொட்டுப் பார்த்தாள். அது சூடாக இருந்தது.

“நேத்துலருந்து இத மடியிலயா வச்சிருக்கீங்க?”

“ஆமா.”

அதை வாங்கி, ரவிக்கைக்குள் சொருகி, முந்தானையை இழுத்து மூடினாள். திரும்பிப்போய், விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைப் பிடித்தாள்.

இடுகாடு எங்கள் லயத்துக்கு எதிர்ச் சரிவில் இருக்கிறது. மண் தள்ளும்போது என் கண் லயத்தின் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பெண்கள் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் குளித்து, வீடு கழுவி, பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். மழையில் விறகு நனைந்திருக்குமோ? தீப்பெட்டி எங்கே வைத்தேன்? மூடுபனி இறங்கி லயத்தை மறைத்தது. அது விலகியபோது தகரக் கூரையிலிருந்து ஒரு புகை எழுந்தது. எங்கள் வீடா, பக்கத்து வீடா என்று தெரியவில்லை. இன்னொரு பிடி மண் போட்டேன்.

ஆற்றில் முழுகிவிட்டு வந்தால், சிரட்டை பழைய இடத்திலேயே, எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. துணியை அவிழ்த்தேன். புளித்த வாடை அடித்தது. சில விதைகள் விரலில் நசுங்கின. மற்றவற்றில் ஊசிமுனை மாதிரி வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது.

“இருக்கா?” என்று மனைவி கேட்டாள்.

“இருக்கு.”

சலித்த மண்ணில் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, அடியில் ஓட்டை போட்ட தயிர்க் கோப்பைகளில் நிரப்பினேன். வேர் ஒடியாமல் ஒவ்வொரு விதையாக ஈர்க்கு நுனியால் எடுத்து வைத்துப் பொலித்தீனைப் போட்டேன். வளைந்த முதல் தண்டு மண்ணுக்கு மேலே தெரிந்த காலையில், மனைவி பொலித்தீனை உருவி எடுத்துவிட்டாள்.

“இந்தத் தடவ நாந்தான் தொறப்பேன். ஒங்க கைய நம்ப மாட்டேன்.”

ஐயா வந்தபோதும் முதலில் அவள்தான் பேசினாள். நான் கதவோரம் நின்றேன்.

“கன்னு எங்க?”

“வீட்டுக்குள்ள இருக்குங்க ஐயா. வெளிய குளிரு தாங்காது.”

அவர் குனிந்து அடுப்படிக்குள் தலையை நீட்டினார். கோப்பைகளில் இரண்டிரண்டு இலையோடு கன்றுகள் நின்றன. சில கோப்பைகள் வெறும் மண்ணாகவே இருந்தன.

“இது எல்லாம் நிக்குமா?”

“நிக்காதுங்க ஐயா,” என்றேன். “நிக்கிறது துண்டுக்குப் போதும்.”

என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். “அப்ப மழ விட்டதும் பாத்திய வெட்டி வைங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வாசலால் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. அவர் கடைசிப் படியை எட்டுவதற்குள், கன்றுகளுக்குக் குளிர் படாமல் கதவைச் சாத்தினேன்.