மஞ்சள் காப்பும் அமெரிக்க ஒயினும்

முதலில் நல்ல செய்தி. செல்வத்தின் பாதங்கள் நலம். ஒரு கொப்புளம்கூட இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மன் கோவில் தீமிதியில், அவர் என்னமோ ரங்கூன் தாமுவே மார்க்கெட்டுக்குக் கறிகாய் வாங்கப் போகிறவர் மாதிரி நிதானமாகப் பூக்குழியில் இறங்கி, நிதானமாக அந்தப் பக்கம் கரையேறினார். இந்தப் பக்கம் நின்று நான் கத்திய கத்தலில் என் தொண்டைதான் கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி விஜயா மிளகுக் கஷாயத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"நடந்தது அவரு. கத்துனது நீங்க. வேண்டுதல் யாருக்குங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நெருப்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெட்டி அமெரிக்க ஒயினும் பியரும் இருக்கிறது. என்ன முழிக்கிறீர்கள்? சொல்கிறேன்.

செல்வம் என் பழைய சிநேகிதர். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி வீடு. லத்தா பேட்டையில் ஒரு பியர்க் கடையில் கவுண்டர் வேலை. பியர் மக்கைச் சாய்த்துப் பிடித்து நுரையை அளவாக நிறுத்துவதில் கில்லாடி. ஆனால் எத்தனை வருஷம்தான் நுரையோடு மல்லுக்கட்டுவது? நல்ல ஹோட்டலில், கண்ணாடி அலமாரி வைத்த ஒரு பாருக்குப் பொறுப்பாளர் ஆகவேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. நாற்பதைத் தாண்டிவிட்டார். இன்னும் கொஞ்சம் போனால் எந்த ஹோட்டலும் கூப்பிடாது என்று அவருக்கே தெரியும்.

அப்படியிருக்கும்போது ஒரு பெரிய ஹோட்டலுக்கு விண்ணப்பம் போட்டார். போட்ட கையோடு அம்மன் சந்நிதிக்குப் போய், "தாயே, இந்த வேலை எனக்குக் கெடைக்கணும். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுட்டா இந்த வருஷமே பூக்குழி இறங்குறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

அம்மன் தாமதிக்கவே இல்லை. பக்கத்துக் கடை போனுக்கு அழைப்பு வந்தது. இவரும் தாமதிக்கவில்லை. மறுநாளே கோவிலில் போய் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டினால் தெரியும்தானே? கறி, மீன் கிடையாது. மது... மூச்! தீமிதி முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது.

அதற்குப் பிறகுதான் ஹோட்டலிலிருந்து இன்னொரு போன். அவர்கள் பாரில் 'அமெரிக்க வாரம்' நடத்தப்போகிறார்களாம். அதனால் இன்டர்வியூவே ஒரு டேஸ்டிங்தானாம். அமெரிக்காவின் பல ஊர் ஒயின், பல ஊர் கிராஃப்ட் பியர்... ருசித்துப் பார்த்து விளக்கிச் சொல்லவேண்டுமாம். தேதி? தீமிதிக்கு முந்தின வாரம்!

அமெரிக்க அரசாங்கம் எங்கள் அரசாங்கத்தோடு முகம்கொடுத்துப் பேசாத காலம் இது. ஆனால் பாட்டில்களுக்கு ஏது கோபம்? அவை சிங்கப்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு சமர்த்தாக ரங்கூன் வந்து இறங்கிவிட்டன. (யாங்கோன் என்று பேர் மாற்றினாலும் தமிழில் பேசும்போது எங்களுக்கு ரங்கூன்தான். பழகிப்போச்சு.)

அன்றைக்குச் செல்வம் என் வீட்டு வாசலில் வந்து நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

"அண்ணே, அம்மாகிட்ட வேலையக் கேட்டேன். அம்மா வேலையக் காட்டி வாயக் கட்டிட்டா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். பாவம், கண் கலங்கியிருந்தது.

"தேதிய மாத்தச் சொல்லிக் கேக்கலாமே?"

"கேட்டேன்ணே. அன்னிக்கு வரலேன்னா அடுத்த ஆளைப் பாத்துக்கிடுவோம்னுட்டாங்க."

"ஒயின் டேஸ்ட் பண்றவங்க முழுங்கமாட்டாங்களாம்யா. வாயில வெச்சுக் கொப்புளிச்சுத் துப்பிடுவாங்களாம். அப்படிச் செஞ்சா என்ன?"

உள்ளேயிருந்து விஜயாவின் குரல் வந்தது.

"துப்புறதுக்கு எதுக்குங்க வாயில வெக்கணும்? அம்மனுக்கு விளக்கம் சொல்ல நீங்க போறீங்களா?"

நான் போகத் தயாராக இல்லை.

இந்த நேரத்தில்தான் என் மச்சான் ரவி கரை இறங்கினான். விஜயாவின் தம்பி. கப்பல்காரன். அமெரிக்காவின் மேற்குக் கரை, கிழக்குக் கரை இரண்டையும் தொட்டுவிட்டு வந்திருந்தான். ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்த ஊர்ச் சரக்கு ஒன்று வாங்கி, சட்டைக்குள் சுற்றிப் பெட்டியில் அடுக்கியிருந்தான். இத்தனையையும் எப்படிக் கொண்டுவந்தான் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

விஷயத்தைச் சொன்னோம். ரவி கொஞ்சம் யோசித்தான்.

"மச்சான், ஒயினுல பாதிக்கு மேல மூக்குதான். அந்த ஊர் கடையில பாத்திருக்கேன். குடிக்கிற நேரத்தவிட மோந்து பாக்குற நேரம் ஜாஸ்தி. கோ செல்வம், காப்பு வாய்க்குத்தானே? மூக்குக்கு இல்லியே?" ('கோ' என்றால் பர்மாவில் அண்ணன் மாதிரி.)

எல்லோரும் விஜயாவைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் சுப்ரீம் கோர்ட் அவள்தான். கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"தெருவுல நடக்குறப்போ சாராயக் கடை வாசனை வந்தா மூக்கப் பொத்திக்கிட்டா போறோம்? மோக்கலாம். ஆனா கிளாஸு உதட்டுல படப்படாது."

ஞாயிறு மத்தியானம் வகுப்பு ஆரம்பம். பங்குனி வெயில். வழக்கம்போல் கரன்ட் இல்லை. மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளத்தை உமி போட்டுச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, அண்டாவில் போட்டுப் பாட்டில்களை இறக்கினோம். ஒயின் கிளாஸுக்கு எங்கே போவது? விஜயா பலூடா கிளாஸ்களை எடுத்துக் கொடுத்தாள். பாட்டில்கள்மேல் மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள், காப்புக்காரர் உட்காரும் இடத்துக்குத் தீட்டு வரக்கூடாதாம். அமெரிக்க ஒயினுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் என்று நினைக்கிறேன்!

ஏற்பாடு இதுதான். ரவி லேபிளைப் படிப்பான். நானும் ரவியும் குடித்து ருசியைச் சொல்வோம். செல்வம் தனிப் பாயில் உட்கார்ந்து முகர்வார். தியாகம் என்றால் இப்படித்தான்... நண்பனுக்காக எதையும் தாங்கும் மனசு எனக்கு.

முதல் பாட்டில் கலிஃபோர்னியா. ஜின்ஃபன்டெல் என்று பேர். 'பிளாக்பெர்ரி வாசனை' என்று லேபிளில் போட்டிருந்தது. பிளாக்பெர்ரியை எங்களில் யார் பார்த்தது? செல்வம் மூக்கை விட்டார், கண்ணை மூடினார்.

"நாவப்பழத்துல வெல்லம் போட்டுக் காச்சி, மேல மிளகுத் தூளு தூவுனாப்புல இருக்குண்ணே."

நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அட, அதே!

அடுத்தது நியூயார்க் பக்கத்து ஏரிக்கரை ரீஸ்லிங். வெள்ளை ஒயின். கொஞ்சம் வயசானது. முகர்ந்ததும் செல்வம் வெடுக்கென்று தலையைத் தூக்கினார்.

"பெட்ரோலு!"

"கெட்டுப்போச்சா?" என்று நான் பதறினேன்.

"இல்ல மச்சான்" என்று ரவி குதித்தான். "இதுல அந்த வாசனை வரும்னு கடைக்காரனே சொன்னான். அதுதான் விசேஷமாம்!"

பெட்ரோல் வாசனையை ரங்கூன்காரனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ரேஷனில் கிடைப்பது போதாமல் தெருமுனையில் தண்ணீர் பாட்டிலில் வாங்கி ஊற்றுகிறவர்கள் நாங்கள். கலப்படம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத்தானே வாங்குகிறோம்? எங்களுக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் ரீஸ்லிங் பயிற்சி எடுத்திருக்கிறோம்!

கலிஃபோர்னியா ஷார்டனே ஒயின் வந்தபோது செல்வம் திணறினார். "தெரிஞ்ச வாசனை... பேருதான் வரமாட்டேங்குது" என்று நெற்றியைத் தேய்த்தார். அடுப்படியிலிருந்து விஜயா வந்தாள், கிளாஸை வாங்கி ஒரு முகர் முகர்ந்தாள்.

"சன்வின்மகின்."

ரவையும் தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் போட்டு, மேலே கரி நெருப்பு வைத்துச் சுடுவார்களே, அந்த பர்மாக்கார கேக். அப்படியே அதுதான்! அதற்கப்புறம் அவள் அடுப்படிக்குத் திரும்பவே இல்லை. பம்ளிமாஸ் தோல், சுருட்டு, வறுத்த காப்பிக்கொட்டை என்று ஒவ்வொன்றாகத் தட்டில் கொண்டுவந்து வைத்து, இதை மோந்துட்டு அதை மோங்க என்று வாத்தியார் ஆகிவிட்டாள்.

பியர் பக்கம் வந்தோம். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களில் சின்ன ஆலை வைத்து, அவரவர் மனம்போலக் காய்ச்சுகிறார்களாம். ஓரிகன் பக்கத்து ஐ.பி.ஏ. ஒன்று திறந்தோம். ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் காய்ச்சிய கசப்பு பியர். வாசனை பம்ளிமாஸ் தோல், ருசி வேப்பங்கொழுந்து! முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தேன். இரண்டாவது வாய்க்கு, பரவாயில்லையே என்று தோன்றியது. மூன்றாவது வாய்க்கு நான் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அப்புறம் ஸ்டவுட் என்று கறுப்பு பியர். காப்பியும் கருக விட்ட சர்க்கரையும் கலந்த மாதிரி. அதற்குள் எனக்கும் ரவிக்கும் உலகமே ரொம்ப நல்ல இடமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் வந்தது. கரன்ட் வந்தால் எங்கள் தெரு மொத்தமும் "மீ லாபி!" என்று கூவும். விளக்கு வந்தாச்சு என்று அர்த்தம். நானோ, எங்கள் டேஸ்டிங்கைத்தான் தெருவே பாராட்டுகிறது என்று நினைத்து, ஜன்னலுக்குப் போய்க் கும்பிட்டுக் கையசைத்தேன். எதிர்வீட்டு அம்மாளும் கையசைத்தார். நல்ல மனுஷி.

கடைசியில் பரீட்சை. செல்வத்தின் கண்ணைத் துண்டால் கட்டி, கிளாஸ்களை மாற்றி மாற்றி நீட்டினாள் விஜயா. ஒவ்வொன்றாகச் சரியாகச் சொன்னார். எங்களுக்கும் அதே பரீட்சை வைத்தாள். ஸ்டவுட்டை நான் ஒயின் என்றேன். ரவி ஐஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நியூயார்க்... அருமையான வருஷம்" என்றான்.

நன்றாகக் குடித்தவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு சொட்டும் குடிக்காதவருக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. ரசனை என்பது தொண்டைக்குக் கீழே இறங்குகிற சமாச்சாரம் இல்லை போலிருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் வருத்தமான கண்டுபிடிப்புதான்.

ஓரிகன் பினோ நுவார் ஒயின் ஒன்றை மட்டும் திறக்கவில்லை. காப்பு அவிழ்த்ததும் செல்வத்துக்கு என்று விஜயா அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தாள்.

இன்டர்வியூ நாள். செல்வம் ஹோட்டலுக்குள் போனார். நானும் ரவியும் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து நகம் கடித்தோம். வெளியே வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்தார். டீயை வாங்கிக் குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லித் தொலையேன்யா!"

சொன்னார். மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். கிளாஸ்களை வரிசையாக வைத்தார். இவர் முகர்ந்து முகர்ந்து சொன்னார். ரீஸ்லிங்குக்கு, "எங்க தெருமுனை பெட்ரோல் சார், ஆனா கலப்படம் இல்லாதது" என்றதும் மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தாராம். வாஷிங்டன் மெர்லோ ஒயின் ஒன்றைக் கலிஃபோர்னியா என்று தப்பாகச் சொன்னார். மேனேஜர் பொறுமையாகத் திருத்தினார். பிறகு, "மணம் போதும். இப்போது ருசி பாருங்கள்" என்றார்.

செல்வம் சட்டைக் கையை ஏற்றிக் காப்பைக் காட்டினார்.

"குடிக்கமாட்டேன் சார். நேர்த்திக்கடன்."

"பார் வேலைக்கு வந்துவிட்டுக் குடிக்கமாட்டேன் என்கிறீர்களா?"

"இந்த பார் வேலை கெடைக்கணும்னுதான் சார் வேண்டிக்கிட்டேன்."

மேனேஜர் கிளாஸை வாங்கி ஓரமாக வைத்தாராம். எல்லாம் போச்சு என்று நினைத்து, இவர் எழுந்துகொண்டே கடைசியாக ஒன்று சொன்னார்.

"பார்ல குடிக்கவேண்டியது கஸ்டமருதானே சார்?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே பாதி பாட்டில்கள் பாதி காலி.

"போன பொறுப்பாளர் தினமும் எனக்காக டேஸ்ட் செய்தார்" என்றார். "எப்போது சேருகிறீர்கள்?"

நான் எழுந்து செல்வத்தைக் கட்டிக்கொண்டேன். ரவி டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னான். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்று சொன்னவரும் யாரும் இல்லை!

அப்புறம்தான் தீமிதி. என் தொண்டை ஏன் கட்டியது என்று இப்போது புரிகிறதா?

நேற்று காப்பு அவிழ்த்தார். சாயந்திரமே எல்லோரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினோம். அரிசிப் பானையிலிருந்து பினோ நுவார் வெளியே வந்தது. பலூடா கிளாஸில் ஊற்றினோம். செல்வம் ரொம்ப நேரம் முகர்ந்தார். "மொத மழை விழுந்த மண்ணு... பக்கத்துலயே செர்ரிப் பழம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். வாழ்க்கையில் முதல் ஒயின். ஒரு வாய் குடித்தார்.

முகம் கோணியது. கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

"அண்ணே... மூக்கோட நிறுத்தியிருக்கலாம்ணே."

மிச்ச பாட்டில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? காப்புக் கட்டியிருந்தது செல்வம்தானே... நானா?