எழுப்பாமல் விட்ட ஷாட்

பேய், சாமி வருவது, குறி சொல்வது, இதிலெல்லாம் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். வீட்டில் எல்லோரும் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனால் நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கிற ரகம். விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறவள். ரோஜாப்பூவுக்குள்ளிருந்து கல்யாணப் பெண்ணை வரவழைக்கத் தெரிந்தவளுக்குக் கண்ணால் காண்பதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியாதா? அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், சண்டையில்லை.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்தேன். கேமராவில் கேசட் போய் மெமரி கார்டு வந்திருந்த நேரம். கடைசி வருஷம் எல்லோரும் குறும்படம் எடுக்க வேண்டும். எங்கள் சார் வெறும் படத்தை வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. இது எந்த வகைப் படம் என்று முதலில் சொல்ல வேண்டும். அந்த வகைக்கென்று கன்வென்ஷன் இருக்கும், அதாவது இந்த மாதிரிப் படம் என்றால் இதெல்லாம் வரும் என்று டிக்கெட் வாங்கியவன் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அது. அதில் எதைக் கடைப்பிடித்தோம், எதை உடைத்தோம், உடைத்தது சரியா தப்பா என்று அவர் முன்னால் நின்று நாங்களே எங்கள் படத்தை எடை போட வேண்டும். ஒன்றையாவது உடைக்காமல் வந்தால் மார்க் பக்கமே போக மாட்டார்.

எங்கள் குழுவில் நான்கு பேர். பாபு டைரக்டர், அவனே ஹீரோ, கேட்டால் பட்ஜெட் என்பான். செல்வம் கேமரா. எடிட்டிங்கும் சவுண்டும் நான். வில்லன் ஏழுமலை. வானூர்க்காரன், ஆறடி உயரம், கொத்தனார் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவன், கை இரண்டும் உரல் மாதிரி இருக்கும். ஆனால் ஓணானை அடிக்கிற பையன்களைக்கூட அதட்டத் தெரியாது. முதல் வருஷத்திலிருந்து என் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போனது. கூடப் பிறந்தவன் மாதிரி என்று சொல்வார்களே, எனக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது, அவன்தான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது கொலைப் படம். ஊருக்கு வெளியே ஆளில்லாத இடம், ஆயுதம் முகத்துக்கு நேரே வருவது, பீறிடுகிற ரத்தம், கடைசியில் செத்துப்போன வில்லன் திடுக்கென்று எழுந்து இன்னொரு தடவை சாவது, இதெல்லாம் அந்த வகைக்கு உள்ள சம்பிரதாயம். மற்றதை எல்லாம் வைத்துக்கொண்டு கடைசியை உடைப்போம் என்றான் பாபு. எங்கள் படத்தில் செத்தவன் எழவே மாட்டான், அவன் அப்படியே கிடக்கும்போதே படம் முடியும். கேட்டதும் எனக்கும் பிரமாதமாகத்தான் பட்டது.

இடம் செல்வத்தின் ஊர், விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். படுகளம் அன்று துரியோதனனை மண்ணால் மல்லாந்து கிடக்கிற மாதிரி அவ்வளவு பெரிதாகச் செய்து வைப்பார்கள், பீமன் வேஷம் கட்டியவர் அதன் தொடையில் அடிப்பார், உள்ளே வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். அந்தக் களத்தில் செத்தவர்களாக மனுஷர்களும் படுப்பார்கள். அவர்களை மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாட்டையால் தட்டிப் பூசாரி எழுப்புவார். அவர் எழுப்பாமல் ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை.

படுகளத்துக்கு மறுநாள் மத்தியானம் நாங்கள் போனோம். உடைந்த மண் உருவம் அப்படியே கிடந்தது, ஒருவரும் இல்லை, செட் போட்டாலும் அப்படி அமையாது. துரியோதனனின் தொடை இருந்த இடத்தில் ஏழுமலையை நிறுத்தினோம், குங்குமமும் மைதாவும் கரைத்த ரத்தத்தைப் பையில் கட்டி வேட்டிக்குள் வைத்தோம். ஷாட் இதுதான். நிற்கிற ஏழுமலையைப் பாபு தெர்மாகோல் உலக்கையால் தொடையில் அடிக்கிறான், அவன் விழுகிறான், பாபு இன்னும் அடிக்கிறான், ரத்தம் தெறிக்கிறது, அவன் அடங்குகிறான். ஒரே டேக்கில் ஓகே ஆனது. பாபு கட் சொன்னான்.

செல்வம்தான் கேமராவை மூடாமலே நின்றான். "பூசாரி கோவில்லதான் இருக்காரு, ஒரு செம்பு தண்ணி தெளிச்சு இவன எழுப்பிக்கினு போவலாம்டா. இங்க படுத்தவன அப்படியே உடக் கூடாது" என்றான்.

பாபுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுப்பனா நம்ம கான்செப்ட்டே போச்சு. கட் சொல்லிட்டேன் இல்ல, அதான் எழுப்பறது" என்றான். ஏழுமலையும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பசிக்கிறது என்றான். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வளவனூரில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தோம், அவனுக்கு ஒரு கீறல் இல்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, காலை வேளை, கல்லூரி லேபில் எடிட்டிங். அடிக்கிற சத்தத்துக்காகத் தர்பூசணியை மட்டையால் அடித்துப் பதிவு செய்திருந்தேன், எலும்பு முறிகிற சத்தத்துக்குக் கரும்பை ஒடித்து. தர்பூசணிச் சத்தத்தை உலக்கை படுகிற அந்த இடத்தில் சரியாக உட்கார வைக்க வேண்டும், அதனால் அந்த அடியை மட்டும் லூப்பில் போட்டுவிட்டேன், அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். கரும்புச் சத்தம் அதற்குக் கொஞ்சம் தள்ளி, லூப்பில் வராத இடத்தில் இருந்தது. காதில் ஹெட்போன், வெளியே குண்டு விழுந்தாலும் கேட்காது.

யாரோ ஓடி வந்து என் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினார்கள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். கீழே வாலிபால் கிரவுண்டில் ஏழுமலை விழுந்து கிடந்தான், நான்கு பையன்கள் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். வலிப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் வலிப்பில் உடம்பு முழுக்கத் துடிக்கும். இவனுக்கு வலது தொடை மட்டும், எதனாலோ ஓங்கி அடித்த மாதிரி, தரையோடு தரையாக அமுங்கியது. பிடித்திருந்த பையனின் கை எகிறிப்போனது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடி ஒரு அடி. ஏழுமலை கத்திய கத்தல், அதை நான் இப்போது செய்து காட்டவும் மாட்டேன், முடியவும் முடியாது.

எனக்குப் பின்னால் மேஜையில் கிடந்த ஹெட்போனிலிருந்து தொப் என்று தர்பூசணிச் சத்தம் வந்தது. கீழே தொடை அமுங்கியது. மறுபடி தொப். மறுபடி தொடை. ஐயா, சத்தமும் படமும் ஒன்றாக இருக்கிறதா, துளி முன்னே பின்னே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதில் நான் ஏமாற மாட்டேன். அப்படி ஒரு பொருத்தத்தை என் கையால் நான் வைத்ததே இல்லை. ஓடிப்போய் நிறுத்தினேன். கீழேயும் நின்றது.

அவனைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் பக்கத்து அறையில் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். தொடை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. பாபுவும் செல்வமும் ஓடி வந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். செல்வம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பாபு என்னைப் பார்த்து, நீ கூடவா என்றான். "சும்மா பேஜாரு பண்ணாத கோமதி. தோ பாரு, நானே போடறேன், ஒண்ணும் ஆவாது." நான் கையைப் பிடித்தேன், கடித்தும் பார்த்தேன். என்னைத் தள்ளிவிட்டு, ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஷாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டான்.

முழு ஷாட். அத்தனை அடியும், அதற்கப்புறம் கரும்பும்.

பக்கத்து அறையில் பெஞ்சு கவிழ்ந்தது. சுவரில் ஏதோ மோதியது, இன்னும் மோதியது, யாரோ பிடிங்கடா பிடிங்கடா என்றார்கள், கடைசியில் அந்த ஒடிகிற சத்தம் ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது, அந்த அறையிலிருந்தும் வந்தது. பிறகு கத்தல் நின்றுவிட்டது. செல்வம் எழுந்து கேமரா ஸ்டாண்டை எடுத்தான், பாபுவின் மண்டையில் இறக்கினான், விழுந்தவனை விலாவில் மிதித்தான், மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. பாபுவின் ரத்தம் கீபோர்டில் சொட்டியது. நான் தடுக்கவில்லை. எனக்கும் ஒரு ஸ்டாண்டு கிடைத்திருந்தால் அடித்திருப்பேன், உண்மையைச் சொன்னால் என்ன.

திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு இரண்டாகக் கிடந்தது. அதைச் சரி செய்துவிடலாம், ஆனால் ஏன் கண் விழிக்கவில்லை என்று தெரியவில்லை என்றார் டாக்டர். கண் திறந்துதான் இருந்தது. மூச்சு வந்தது. ஊசி குத்தினால் அசையவில்லை. படத்தில் கடைசியாகக் கிடந்தானே, முகம் இடது பக்கம் சாய்ந்து, ஒரு கை மார்பில், அதே கிடை. கையை எடுத்துக் கீழே வைத்தால் மெதுவாக அதே இடத்துக்குப் போனது. அவன் அம்மா காலடியில் உட்கார்ந்து அழக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வராந்தாவிலேயே நின்றேன்.

செல்வம் ஊருக்கு வண்டியில் பறந்தான். கோவிலில் கொடி இறக்கிவிட்டார்கள், இனி அடுத்த திருவிழாவுக்குக் கொடி ஏறினால்தான் களம், களம் இருந்தால்தான் எழுப்புவது என்று பூசாரி கையை விரித்துவிட்டார். அதுவரை இவன் தாங்குவானா? இரண்டாம் நாளே மூச்சு இறங்க ஆரம்பித்தது.

கோவிலில் எழுப்ப முடியாது என்றால் எங்கே படுத்தானோ அங்கேயே எழுப்ப வேண்டும். அவன் படுத்தது எங்கே? என் கம்ப்யூட்டரில். இது எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள். எங்களுக்கு ஒரு வித்தை உண்டு, எந்தக் காட்சியையும் பின்னோக்கி ஓட்டலாம். உடைந்த பானை ஒட்டிக்கொள்ளும், கொட்டிய பால் சொம்புக்குள் போகும். அந்த ஷாட்டை அப்படித் திருப்பினேன், சத்தத்தோடு. ஆனால் ஓட்டினால் ஒவ்வொரு அடியையும் தாண்டித்தானே வர வேண்டும்? அடி திரும்பினாலும் அடிதான் என்று ஆகிவிட்டால்? செல்வத்தை ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். ஒரு அடியில் செத்தால் கொன்றது நான்தான் என்று சொல்லிவிட்டு, நம்பாத சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு போட்டேன்.

ரத்தம் மண்ணிலிருந்து கிளம்பித் தொடைக்குள் போனது. உலக்கை தொடையிலிருந்து பிரிந்து பிரிந்து மேலே போனது. கிடந்தவன் கையை எங்கும் ஊன்றாமல், யாரோ மார்பில் கயிறு கட்டி இழுத்த மாதிரி எழுந்து நின்றான். படம் நின்றது. போன் அடித்தது.

"எழுந்துட்டான் கோமதி" என்றான் செல்வம். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "கையே ஊணல. அப்படியே வந்து நின்னான். காலுல கட்டு போட்டுக்கினு நிக்கறான்."

மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவே இல்லை. முதல் படம் வேறு யாருடையதோ மாறிவிட்டிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏழுமலை என்னிடம் தயிர் சாதம் கேட்டான். நான் அழுதுகொண்டே ஊட்டினேன்.

அடிக்கிற இடத்தை எடுத்துவிட்டுப் படத்தை அந்த எழுகிற காட்சியோடுதான் கொடுத்தோம், எழுவதை வெட்ட எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. தலையில் தையலோடு பாபுவும் நின்றான். சார் பார்த்துவிட்டு, செத்தவன் எழுவது எல்லாப் படத்திலும் வருவதுதானே, இதில் எந்தக் கன்வென்ஷனை உடைத்தீர்கள் என்று கேட்டார்.

"எதையும் உடைக்கல சார்" என்றேன். எங்கள் வகுப்பிலேயே குறைந்த மார்க் எங்களுக்குத்தான்.

இதோடு முடிந்திருந்தால் தற்செயல் என்று நானே சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சில வருஷம் கழித்து வளவனூரில் ஏழுமலைக்குக் கல்யாணம், வீடியோ நான்தான். பெரியவர்கள் காலில் மாப்பிள்ளையும் பெண்ணும் விழுந்தார்கள். பெண் கையை ஊன்றி, மாலையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் போல எழுந்தாள். இவன் கை ஊன்றவில்லை. மார்பு முதலில் வந்தது. ஸ்டுடியோவுக்கு வந்ததும் தொழில் புத்தி சும்மா இருக்குமா, அந்த எழுகிற இடத்தை மட்டும் திருப்பி ஓட்டினேன். பட்டு வேட்டியும் மாலையுமாக ஒருவன் நிற்கிறான், தொடையில் அடி வாங்குகிறான், வாயைத் திறக்கிறான், விழுகிறான். பாதியிலேயே நிறுத்தினேன். அவன் எழுகிற இடத்தையே வெட்டிவிட்டு, மேலே ஒரு பூ விரிகிற மாதிரி வைத்து டிவிடியைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அவன் மனைவி போன் செய்தாள். "அக்கா, எல்லாம் நல்லா வந்துருக்குது. அவரு கால்ல உழுந்தது வரைக்கும் இருக்குது, எழுந்திருக்கறது மட்டும் காணோமே. போட்டுப் பாத்ததுலேர்ந்து அவரு வேற கால் ரொம்ப வலிக்குதுன்னு படுத்துக்கினே இருக்காரு."

அன்றே வெட்டியதைச் சேர்த்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாயில் படுத்திருந்தவனை எதிரில் வைத்துக்கொண்டு டிவியில் போட்டேன். டிவியில் எழுந்தான், பாயிலும் எழுந்தான். அவள் காபி போட உள்ளே போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"நான் எழுந்திருக்கறது மட்டும் ரெண்டு எடத்துல வெச்சுக்க கோமதி. ஒண்ணு அழிஞ்சிட்டா என்னா பண்றது?"

நான் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று, போன மாதத்திலிருந்து, திறக்க மாட்டேன் என்கிறது.